கிளிஸரின் சோப்பும் குடியானவர் வீட்டு எண்ணெயும்

சில வருஷங்களாக நம் கிராமங்களில் ஒரு புதிய கைத்தொழில் பரவி வருகிறது. பளிங்கு போன்று ஒளி ஊடுருவும் கிளிஸரின் சோப்புக் கட்டிகளினுள்ளே ரோஜா இதழ், செண்டுமல்லி இதழ், வேப்பிலை, துளசி, வெட்டிவேர் முதலியவற்றைப் பதித்து, அழகிய உறைகளில் இட்டு விற்கிறார்கள். கலியாண வீடுகளில் தாம்பூலப் பையில் இட்டுக் கொடுக்கவும் இவை வாங்கப்படுகின்றன. மகளிர் குழுக்களுக்கு இதில் பயிற்சி அளிக்கும் வகுப்புகளும் பல இடங்களில் நடைபெறுகின்றன. குடியானவர் வீட்டுப் பெண்மணிகள் ஓய்வு நேரத்தில் செய்தற்கேற்ற தொழில் என்றும், விலை போகாத பூவுக்கு இது நல்ல வழி என்றும் பலர் புகழ்ந்து பேசுகின்றனர்.

தொழில் நல்லதே, அதனை நாம் குறை கூற வரவில்லை. ஆனால் இன்று பெரும்பாலும் நடைபெறும் முறையில் இதனால் குடியானவருக்குக் கிடைப்பது கூலி மாத்திரமே என்பதும், அவருடைய நிலத்தில் விளைந்த பொருளுக்கு இதில் இடமே இல்லை என்பதும் நம் அபிப்பிராயம். கையிலே வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது போன்ற இந்த நிலையை மாற்றுதல் கடினமன்று. அதற்குச் சோப்பு என்பது யாது, கிளிஸரின் என்பது யாது என்னும் இரண்டு விஷயங்களை முதலிற் தெரிந்துகொள்ள வேண்டும்.

கிளிஸரின் எங்கிருந்து வருகிறது?

தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், வேப்பெண்ணெய், ஆமணக்கெண்ணெய் ஆகிய எந்த எண்ணெயிலும் கொழுப்பு அமிலங்களும் கிளிஸரினும் பிணைந்திருக்கின்றன. எண்ணெயுடன் காஸ்டிக் சோடா நீரைச் சேர்க்கும்போது அப்பிணைப்பு விடுபட்டு, கொழுப்பு அமிலங்கள் காரத்துடன் கூடிச் சோப்பாகின்றன; கிளிஸரின் தனியே நிற்கிறது. 1779-ம் வருஷத்தில் ஷீல் என்னும் ஸ்வீடன் தேசத்து ரஸாயன சாஸ்திரி ஒலிவ எண்ணெயிலிருந்து இதனை முதன்முதற் கண்டார். பின்னர் பிரான்ஸ் தேசத்துச் செவ்ரல் என்பவர் இதற்குக் கிளிஸரின் என்று பெயரிட்டார். இனிப்பும் பிசுபிசுப்பும் உள்ள இத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தைத் தன்பால் இழுக்கும் குணமுடையது. தோல் வறளாமல் மிருதுவாயிருத்தற்கு இக்குணமே காரணம்.

பெரிய தொழிற்சாலைகளில் இக்கிளிஸரினைப் பிரித்தெடுத்துத் தனியே விற்கிறார்கள். மருந்துக்கும், உணவுப் பண்டங்களுக்கும், வேறு பல தொழில்களுக்கும் அது வேண்டப்படுகிறது. 1867-ம் வருஷத்தில் நோபல் என்பவர் உரிமை பெற்ற டைனமைட் வெடிமருந்துக்கும் மூலப்பொருள் இதுவே. ஆதலின் யுத்த காலங்களில் இதன் மதிப்பு மிகவும் உயர்ந்தது. அங்ஙனம் பிரித்தெடுத்த பின் எஞ்சிய சோப்பே கடைச் சோப்புகள் பலவற்றிற்கு ஆதாரம். சில உற்பத்தியாளர் பின்னர் அதில் சிறிதளவு கிளிஸரினைத் திரும்பவும் சேர்ப்பதுண்டு.

வீட்டில் எண்ணெயிலிருந்து நேரே சோப்பு செய்வோர் எதனையும் பிரித்தெடுப்பதில்லை. உண்டான கிளிஸரின் முழுவதும் கட்டியிலேயே தங்கிவிடுகிறது. ஒரு கிலோ எண்ணெயைச் சோப்பாக்கினால், தேங்காய் எண்ணெய் மிகுதியாயிருக்கும் பக்ஷத்தில், ஏறத்தாழ 120 கிராம் கிளிஸரின் தானே உண்டாகிறது. உண்மையில் குடியானவர் வீட்டில் தம் எண்ணெயைக் கொண்டு செய்யும் சாதாரண வெள்ளைச் சோப்பே ஒரு கிளிஸரின் சோப்புத்தான். பளிங்கு போல் தோன்றாமையால் அதனை அப்பெயரிட்டு எவரும் அழைப்பதில்லை; அவ்வளவே.

பளிங்குத் தோற்றத்தின் காரணம்

ஒளி ஊடுருவும் தோற்றம் கிளிஸரினால் மாத்திரம் வருவதென்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. சோப்பு உறையும்போது நுண்ணிய படிகங்கள் உண்டாகின்றன. அவை ஒளியைத் தடுத்துச் சிதறச் செய்வதால் கட்டி வெண்மையாகத் தோன்றுகிறது. சாராய ஸ்பிரிட், சர்க்கரைப் பாகு, கிளிஸரின் முதலியவற்றைத் தக்க அளவில் சேர்த்தால் படிகங்கள் பெருகாமல் தடைப்பட்டுக் கட்டி தெளிந்து நிற்கும். லண்டன் நகரில் ஆண்ட்ரூ பியர்ஸ் என்பவர் 1807-ம் வருஷத்தில் இவ்வகைச் சோப்பை விற்பனைக்குக் கொணர்ந்தார். இப்பொழுது ஸ்பிரிட்டுக்குப் பதிலாக வேறு ரஸாயனத் திரவங்களையும் சேர்க்கின்றனர்.

இவ்வகைச் சோப்பை எண்ணெயிலிருந்து தொடங்கி வீட்டிலே செய்தல் நாம் சிபாரிசு செய்யத்தக்கதன்று. ஸ்பிரிட்டைச் சூடான சோப்புடன் அடுப்பின் அருகே கலப்பது தீ விபத்துக்கு இடமானது. ஸ்பிரிட்டை வாங்கி வைத்திருப்பதற்கும் அரசாங்க அனுமதி வேண்டும். ஆகையால் இன்று வீடுகளில் பூச்சோப்பு செய்வோர் பெரும்பாலும் தொழிற்சாலையில் முன்னரே செய்யப்பட்ட பளிங்குச் சோப்புப் பாளத்தை விலைக்கு வாங்கி, உருக்கி, பூவையும் வாசனையையும் சேர்த்து அச்சில் வார்க்கின்றனர். சோப்பு செய்தல் என்று இதனைச் சொல்வதைவிட, பிறர் செய்த சோப்பை அலங்கரித்தல் என்று சொல்வதே பொருந்தும்.

இதன் கணக்கைச் சற்று கவனிக்க வேண்டும். 100 கிராம் கட்டி ஒன்றில் உலர்ந்த இதழ் ஒரு கிராமுக்கு மேல் சேர்ந்தால் கட்டி பிளவுபடும். உடம்பில் தேய்க்கும்போது உறுத்தும். எனவே 100 பங்கில் நம் நிலத்துப் பொருள் ஒரு பங்கு. மீதி முழுவதும் விலைக்கு வாங்கியது. இதற்கு மாறாக, எண்ணெயிலிருந்து செய்த 100 கிராம் கட்டியில் ஏறக்குறைய 75 கிராம் எண்ணெயே அடங்கியிருக்கிறது. பொள்ளாச்சி, பேராவூரணி, கன்னியாகுமரிப் பக்கங்களில் தென்னை வைத்திருப்பவருக்கு அதன் பெரும்பகுதி சொந்தத் தோப்பின் விளைவு. இரண்டு தொழில்களுக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு கணக்கிலேயே விளங்கும்.

பூ சோப்பிற் படும் பாடு

நம் வீட்டில் நேர்ந்த ஒரு சம்பவத்தை இங்கே சொல்லுதல் பொருத்தமாகும். ஒரு கலியாணத்தை முன்னிட்டு என் சம்சாரமும் மருமகளும் வாங்கிய பாளத்தை உருக்கி, தோட்டத்துச் செம்பருத்தியையும் ரோஜாவையும் அன்றலர்ந்தபடியே இதழிதழாகப் பதித்து இருநூறு கட்டிகள் வார்த்தார்கள். வார்த்த அன்று அவை காண்பதற்கு மிக ரம்மியமாயிருந்தன. பத்து நாளில் சிவந்த இதழ்கள் எல்லாம் சாணி நிறமாயின. அது ஐப்பசி மாதம். அடைமழையின் ஈரத்தில் கட்டிகளின்மேல் வியர்வை போல நீர் முத்துக்கள் அரும்பி உறைகளை நனைத்துவிட்டன. சில கட்டிகளில் இதழைச் சுற்றிப் பூஞ்சணமும் கண்டது. பையைப் பிரித்துப் பார்த்த சம்பந்தி அம்மாள், "பூ வாடியிருக்கிறதே, போன கலியாணத்தில் மிஞ்சிய சோப்போ?" என்று கேட்டுவிட்டார். அன்று வீட்டுப் பெண்கள் அடைந்த வருத்தம் சொல்லுந்தரமன்று. பிழை அவர்களுடையதன்று; ரஸாயனத்தை அவர்களுக்கு எவரும் எடுத்துச் சொல்லாததே பிழை.

காரணம் எளியது. சோப்பு காரத் தன்மையுடையது. ரோஜா, செம்பருத்தி, சங்குபுஷ்பம் ஆகியவற்றின் சிவப்பும் நீலமும் காரத்தில் நிலைக்கமாட்டா. மஞ்சளைச் சுண்ணாம்புடன் கலந்தால் சிவந்துவிடுவதை ஆரத்தி எடுக்கும் ஒவ்வொரு வீட்டிலும் அறிவர். அதே காரணத்தால் மஞ்சள் தூளைச் சோப்பில் இட்டால் எதிர்பார்த்த பொன்னிறம் வாராமல் செங்காவி நிறமாகும். வெயில் பட்டால் அதுவும் வெளிறும். மல்லிகையோ நிறமும் மணமும் இரண்டுமே இழந்துவிடும். மல்லிகையின் வாசனையைச் சூடான சோப்பில் பூவை இட்டுப் பெற முடியாது. தொழிற்சாலைகளில் தனித் திரவங்களைக் கொண்டு அதனைப் பிரித்தெடுக்கிறார்கள்.

நிறம் மாறாது நிற்கும் பூக்களில் முதன்மையானது செண்டுமல்லி. கேந்தி என்றும் இதனை வழங்குவர். அதன் மஞ்சள் நிறம் கேரட்டின் நிறத்துக்கு இனமானது. காரத்தால் எளிதிற் கெடுவதில்லை. இதழ்களை மாத்திரம் பிரித்து, நிழலில் கையில் நொறுங்கும் பதம் வரையில் உலர்த்தி உபயோகிக்க வேண்டும். வெட்டிவேர் இழையும் கெடாது. நுரைப்பீர்க்கு என்னும் பீர்க்கின் முற்றிய கூட்டை வட்டமாக அரிந்து அச்சில் வைத்து வார்த்தால், தேய்ப்பதற்கும் உதவும், அழகாகவும் இருக்கும். இக்கொடியை வேலியோரத்திலேயே விளைக்கலாம். வேப்பிலை, துளசி முதலியவற்றின் பச்சை நிறம் சில வாரங்களில் பழுப்பாகும் என்பதை முன்னரே அறிந்து, அவற்றைப் பொடித்துச் சிறிதளவே சேர்த்தல் நலம். எவ்விதத் தாவரப் பொருளாயினும் ஈரம் இருத்தலாகாது. ஈரமுள்ள இடத்தில் பூஞ்சணம் வந்தே தீரும்.

பூ விவசாயிக்கு இது விமோசனமா?

திண்டுக்கல், நிலக்கோட்டை, ஓசூர், சத்தியமங்கலம், தோவாளைப் பக்கங்களில் பூ சாகுபடி செய்வோர் வரத்து மிகுந்த நாளில் விலையின்றிப் பூவைக் கொட்டிவிட்டுத் திரும்பும் துயரத்தை யாவரும் அறிவர். அப்பூவைச் சோப்பில் இட்டால் நஷ்டம் தீரும் என்று மேடைகளிற் பேசக் கேட்கிறோம். இதற்கும் கணக்குப் பார்க்க வேண்டும். கட்டிக்கு ஒரு கிராம் வீதம் ஆயிரம் கட்டிக்கு உலர்ந்த இதழ் ஒரு கிலோ போதும். பூவில் பெரும்பகுதி நீராதலால், அதற்குப் பச்சைப் பூ எட்டு முதல் பத்து கிலோ வேண்டியிருக்கும். ஒரு குடும்பம் பல வாரம் உழைத்துச் செய்யும் ஆயிரம் கட்டிகளுக்கு ஒரு கூடைப் பூவே அதிகம். ஆதலின் பூச்சோப்பினால் பூச் சந்தையின் நஷ்டம் நீங்கும் என்று குடியானவருக்கு ஆசை காட்டுதல் முறையன்று. பூ அலங்காரத்துக்கு, வருமானத்துக்கு எண்ணெய்.

எண்ணெயின் விலை நிலவரமும் இங்கே எண்ணத்தக்கது. 2023-ம் வருஷத்தில் அரைவைக் கொப்பரைக்கு மத்திய அரசாங்கத்தார் குவிண்டாலுக்கு ரூ. 10,860 ஆதரவு விலை குறித்திருந்தும், வெளிச் சந்தையில் அதற்குக் குறைந்த விலைக்கே பலர் விற்கும்படி நேர்ந்தது. 2025-ம் வருஷத்திலோ தேங்காய் எண்ணெய் விலை முன் கண்டிராத உயரத்துக்கு ஏறிற்று. இவ்விதம் ஏறி இறங்கும் சரக்கை ஒரே உருவத்தில் மாத்திரம் விற்பவர் சந்தையின் தயவிலேயே வாழ வேண்டும். எண்ணெய் விலை உயர்ந்தபோது எண்ணெயாகவே விற்பதும், தாழ்ந்தபோது அதில் ஒரு பகுதியைச் சோப்பாக்கி வைப்பதும் விவேகம். நன்கு உலர்ந்த சோப்பு பல மாதம் கெடாது. நாட்செல்லச் செல்லக் கட்டி இறுகி, கரைவது குறையும். விலை உச்சத்திலிருக்கும்போது முதல் தரமான சமையல் எண்ணெயைச் சோப்பாக்குதல் புத்தியன்று என்பதையும் ஒளிக்காமற் சொல்லுகிறோம். காறல் எடுத்த எண்ணெய் துணி வெளுக்கும் சோப்புக்கு ஆகும். உடம்புச் சோப்புக்கு ஆகாது.

செய்முறை

அனுபவத்திற் சரியாக வரும் ஓர் அளவை இங்கே தருகிறோம்.

தேங்காய் எண்ணெய் 700 கிராம், கடலை எண்ணெய் 200 கிராம், ஆமணக்கெண்ணெய் 100 கிராம், காஸ்டிக் சோடா 155 கிராம், சுத்தமான மென்னீர் 330 கிராம்.

எல்லாவற்றையும் தராசில் நிறுத்தே எடுக்க வேண்டும்; ஆழாக்கு, டம்ளர் அளவு உதவாது. ஏனெனில் ஒவ்வோர் எண்ணெய்க்கும் வேண்டிய காரம் வேறு. 100 கிராம் தேங்காய் எண்ணெய் முற்றும் சோப்பாவதற்கு ஏறத்தாழ 18.3 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். கடலை எண்ணெய்க்கு 13.5 கிராமும், ஆமணக்கெண்ணெய்க்கு 12.8 கிராமும் போதும். தேங்காய் எண்ணெய்க்குரிய அளவைக் கடலை எண்ணெய்க்கு இட்டால் மிஞ்சிய காரம் தோலைப் புண்ணாக்கும். மேலே கண்ட 155 கிராம், முழு அளவிலிருந்து நூற்றுக்கு எட்டுப் பங்கு வேண்டுமென்றே குறைக்கப்பட்டது. அதனால் சிறிது எண்ணெய் சோப்பாகாமல் நின்று தோலுக்கு இதமளிக்கும். காஸ்டிக் சோடா ஈரம் இழுத்துக் கட்டியாகாததாயும் சுத்தமானதாயும் இருக்க வேண்டும்.

எவர்சில்வர் பாத்திரத்தில் நீரை வைத்து, காஸ்டிக் சோடாவைச் சிறிது சிறிதாக நீரில் இட்டுக் கலக்க வேண்டும். ஒருபோதும் காஸ்டிக் சோடாவின்மேல் நீரை ஊற்றலாகாது, பொங்கித் தெறிக்கும். நீர் தானே கொதிநீர் போற் சூடாகும். அது ஆறிக் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின், அதே சூடுள்ள எண்ணெய்க் கலவையில் மெல்லிய தாரையாக ஊற்றி எவர்சில்வர் கரண்டியால் விடாமற் கிண்ட வேண்டும். சூட்டைக் கையிட்டுப் பார்க்கலாகாது. பாத்திரத்தின் வெளிப்புறத்தைத் தொட்டோ வெப்பமானியைக் கொண்டோ அறிய வேண்டும். கலவை மோர்க்குழம்புப் பதத்துக்குத் தடித்து, கரண்டியிலிருந்து சொட்டியது மேலே கோடாக நிற்கும்போது, எண்ணெய்க் காகிதம் விரித்த மரப் பெட்டியில் வார்த்துத் துணியால் மூடி வைக்க வேண்டும். செண்டுமல்லி இதழ் சேர்ப்பதாயின் வார்ப்பதற்குச் சற்று முன் சேர்க்கலாம். அல்லது மேலே தூவலாம்.

தேங்காய் எண்ணெய் மிகுந்த சோப்பு விரைவில் இறுகுமாதலால், கத்தி இறங்கும் பதத்திலேயே, பெரும்பாலும் மறுநாளுக்குள், கையுறை அணிந்து துண்டு போட வேண்டும். பின் காற்றோட்டமுள்ள நிழலில் இடைவெளி விட்டு அடுக்கி, நான்கு முதல் ஆறு வாரம் வரையில் உலர்த்த வேண்டும். இப்பொறுமை இல்லாதவர் இத்தொழிலில் இறங்காதிருப்பதே நலம். மேற்கண்ட அளவில் உலர்ந்த பின் 100 கிராம் கட்டிகள் ஏறத்தாழ பதின்மூன்று கிடைக்கும்.

விலைக்கு வாங்கிய பளிங்குப் பாளத்தை உருக்கி வார்த்தலையும் நாம் முற்றிலும் விலக்கவில்லை. கை பழகுவதற்கும், கலியாணம் முதலிய விசேஷங்களுக்குச் சில கட்டிகள் செய்வதற்கும் அது ஏற்றது. பாளத்தைச் சிறு துண்டுகளாக நறுக்கி, வெந்நீர்ப் பாத்திரத்தினுள் வேறு பாத்திரம் வைத்து உருக்க வேண்டும், கொதிக்கவிடலாகாது. வார்த்து இறுகிய உடனே காற்றுப் புகாத உறையில் இட வேண்டும். கிளிஸரின் ஈரத்தை இழுப்பதால் மழைக்காலத்தில் வெளியே வைத்த கட்டி வியர்ப்பது அதன் இயற்கை. பளிங்குச் சோப்பு சாதாரணச் சோப்பைவிட விரைவிற் கரையும் என்பதையும் வாங்குவோருக்குச் சொல்லிவிடுதல் நேர்மை.

காஸ்டிக் சோடாவைப் பற்றி ஓர் எச்சரிக்கை

நம் கருத்துக்கு வலிய ஆக்ஷேபம் ஒன்றுண்டு. உருக்கி வார்க்கும் முறையில் அபாயம் சிறிது. எண்ணெயிலிருந்து செய்யும் முறையிலோ காஸ்டிக் சோடாவைக் கையாள வேண்டும். இந்த ஆக்ஷேபத்தை அற்பமென்று நாம் தள்ளவில்லை. காஸ்டிக் சோடா கண்ணிற் பட்டால் பார்வை போகும். குழந்தைகள் வாயில் இட்டால் தொண்டையும் உணவுக்குழலும் வெந்துவிடும். ஆனால் பூச்சி மருந்தைக் கையாளும் குடியானவர் குடும்பம் இதனைக் கையாளக் கற்றல் அரிதன்று. கவனம் ஒன்றே வேண்டும்.

கண்ணாடியும் ரப்பர்க் கையுறையும் அணியாமல் வேலை தொடங்கலாகாது. அலுமினியப் பாத்திரத்தையும் ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரத்தையும் காரம் அரிக்கும், அவற்றைத் தொடலாகாது. இவ்வேலைக்கு எடுத்த பாத்திரத்தைச் சமையலுக்குத் திருப்பலாகாது. சமையலறையிலன்றித் தாழ்வாரத்தில் அல்லது காற்றோட்டமான கொட்டகையில், குழந்தைகள் இல்லாத வேளையில் செய்ய வேண்டும். காஸ்டிக் சோடாவைத் தின்பண்ட டப்பாவிலோ குடிநீர்ப் புட்டியிலோ ஒருகாலும் வைக்கலாகாது. பெயர் எழுதிப் பூட்டி வைக்க வேண்டும். உடம்பிற் பட்டால் உடனே ஏராளமான நீர் விட்டுக் கழுவ வேண்டும். எலுமிச்சைச் சாறோ காடியோ தடவுதல் தவறு. கண்ணிற் பட்டால் இருபது நிமிஷமாவது ஓடும் நீரிற் கழுவி, தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விழுங்கியவருக்கு வாந்தி வரச் செய்யலாகாது.

வீடுதோறும் காஸ்டிக் சோடா இருப்பதைவிட, பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்து ஊருக்கு ஒரு கொட்டகையும், ஒரு நல்ல தராசும், பூட்டுள்ள ஓர் அலமாரியும் வைத்துக்கொள்வது எல்லா வகையிலும் மேல். இதில் ஊராட்சித் தலைவர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் முன்நின்று உதவலாம். பயிற்சி அளிக்கத் தக்கவர்களை அழைத்துக் கொட்டகையிலேயே செய்து காட்டச் சொல்லுதல் வேண்டும்.

விற்பனையும் சட்டமும்

தம் வீட்டு உபயோகத்துக்குச் செய்பவருக்குச் சட்டத்தால் தடையில்லை. விற்பவர் நிலை வேறு. 1940-ம் வருஷத்து மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் பற்றிய சட்டத்தில் அழகுசாதனம் என்னும் சொல்லுக்குள் முன்னர் சோப்பு சேரவில்லை; 1982-ம் வருஷத்துத் திருத்தத்தால் அந்த விலக்கு நீங்கிற்று. ஆதலின் உடம்புச் சோப்பைச் செய்து விற்பதற்கு 2020-ம் வருஷத்து அழகுசாதனப் பொருள்கள் விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளிடம் உரிமம் பெற வேண்டும். விலைக்கு வாங்கிய பாளத்தை உருக்கி வார்ப்பவர் தமக்கு இது பொருந்தாது என்று எண்ணலாம். அது தவறு. விற்பனையின் பொருட்டு ஒரு பண்டத்தை மாற்றுதலும், அலங்கரித்தலும், உறையிடுதலும், பெயர்ச் சீட்டு ஒட்டுதலும் உற்பத்தியேயாகும் என்று அச்சட்டம் வெளிப்படையாகக் கூறுகிறது. எந்த ஆக்ஷேபமுமின்றிப் பல காலம் விற்றுவந்த பெண்மணி ஒருவர் பின்னர் அதிகாரிகளின் நோட்டீஸைக் கண்டு கலங்க நேரிடாதபடி, இதனைத் தொடக்கத்திலேயே அறிவித்தல் கிராம அதிகாரிகளின் கடமையாகும். தனித்தனியே உரிமம் பெறுதல் சிரமமாதலால், மேற்சொன்ன கூட்டு முறை இதற்கும் அனுகூலமானது.

மேலும், சொறி சிரங்கு தீரும், முகப்பரு மறையும், தோல் நோய் குணமாகும் என்றெல்லாம் சீட்டில் அச்சிடலாகாது. நோய் தீர்ப்பதாகச் சொன்ன மாத்திரத்தில் அது மருந்து என்னும் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடும். அன்றியும் அது உண்மையுமன்று. தேய்த்த சில நிமிஷத்தில் நீரோடு போகும் சோப்பில் ஒரு கிராம் வேப்பிலைப் பொடி வைத்தியம் செய்துவிடாது. அழுக்கைப் போக்குதலும் தோலை வறளவிடாதிருத்தலுமே நல்ல சோப்பின் வேலை. அவ்வேலையைச் செவ்வனே செய்யும் பொருளுக்குப் பொய்ப் புகழ் வேண்டுவதில்லை.

முடிவு

சோப்பு வருமுன் நம் முன்னோர் சீயக்காய், அரப்பு, பூந்திக்கொட்டை, பாசிப்பயற்று மாவு ஆகியவற்றால் உடம்பைத் தூய்மை செய்தனர். அவை எல்லாம் தம் ஊரில் விளைந்தவை. பின்னர் 1914-ம் வருஷத்தில் சென்னை அரசாங்கத்தார் கோழிக்கோட்டில் சோப்பு நிலையம் ஏற்படுத்தினர். 1916-ம் வருஷத்தில் மைசூர் சமஸ்தானத்தார் தம் காட்டுச் சந்தனத்தைத் தைலமாக்கத் தொடங்கி, அதனைக் கொண்டே பெயர்பெற்ற சோப்பும் செய்தனர். தஞ்சாவூரிற் பிறந்த ஜே. ஸி. குமரப்பா 1934-ம் வருஷம் முதல் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் மூலமாக நடத்திய முயற்சிகளுக்கும், ஊரில் விளைவதை ஊரிலேயே பக்குவம் செய்ய வேண்டும் என்பதே ஆதாரமாயிருந்தது. இவை அனைத்திலும் மூலப்பொருள் அவ்விடத்து விளைவு. அழகு பின்னர் வந்து சேர்ந்தது.

பூச்சோப்புத் தொழிலில் இறங்கும் நம் குடும்பங்களும் அவ்வரிசையையே கைக்கொள்ள வேண்டும். முதலில் தம் எண்ணெயைக் கொண்டு நல்ல சோப்பு செய்யக் கற்கட்டும். அது தம் வீட்டிலேயே ஒரு வருஷம் செலவாகட்டும். பிழைகள் வீட்டோடு போகட்டும். பின்னர் செண்டுமல்லி இதழோ வெட்டிவேரோ கொண்டு அதனை அலங்கரித்து, உரிமம் பெற்று, உள்ளதை உள்ளபடி சொல்லி விற்கட்டும். அங்ஙனம் விற்கும் ஒவ்வொரு கட்டியிலும் தோப்பின் விளைவும் வீட்டாரின் உழைப்பும் சேர்ந்து விலை பெறும்.

வரும் தை மாதத்துக்குள் தத்தம் ஊரில் ஒரு தராசுக்கும் ஒரு கொட்டகைக்கும் வழி செய்ய முன்வருமாறு நிலமுடைய குடியானவர்களையும் கிராம அதிகாரிகளையும் வேண்டிக்கொள்கிறோம். மழை ஓய்ந்து காற்று உலர்ந்திருக்கும் தை, மாசி மாதங்களே சோப்பு வார்த்து உலர்த்துதற்கு ஏற்ற காலமாகும்.